டேப் டிரைவ் வாடகை, டிஸ்க் மாற்றும் வேலை: ரங்கூனில் எங்கள் மண்டிக்குக் கிடைத்த சேவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடைக்காரர்கள் கையில் சர்வரைத் தாராளமாக ஒப்படைக்கலாம். சாமான் வந்து சேரும் தேதி விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சை வைத்து நாள் குறிக்க வேண்டாம். குறையும் எழுதப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. வேண்டுபவர்கள் வெள்ளிக்கிழமை காளி கோயிலில் என்னைப் பார்க்கும்போது கேளுங்கள், விலாசம் எழுதித் தருகிறேன்.

எங்களுடையது பருப்பு மண்டி. உளுந்து, துவரை, பாசிப்பயறு மூன்றும் இங்கிருந்து கப்பலேறும், பெரும்பகுதி சென்னைக்கு. நான் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டுக் காலத்தில் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது கற்றுக்கொண்டேன், சர்வர் வந்தபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். 2014இல் வாங்கிய டவர் சர்வர் அது. உள்ளே சர்வருக்கென்றே வரும் எஸ்ஏஎஸ் வகை 600 ஜிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 முறையில்: நான்கும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும், ஒன்று கெட்டாலும் தரவு போகாது. ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 1.8 டெராபைட் கிடைக்கும். விண்டோஸ் எண்ணும் கணக்கு வேறு, அதையே 1.63 என்று காட்டும். அதில் கணக்கு டேட்டாபேஸ் கொஞ்சம்தான். இடத்தை அடைத்தது ஸ்கேன் கோப்புகள்: கப்பல் ரசீது, பயிர்நலச் சான்றிதழ், புகைமூட்டச் சான்றிதழ், எடைச்சீட்டு என்று பதினாறு லட்சத்துக்கு மேல். இந்தப் பங்குனி தொடங்கும்போது மிச்சம் எழுபது ஜிபிதான் இருந்தது.

டிஸ்க்கை ஒவ்வொன்றாக உருவிப் பெரியதைச் செருகலாமே, ரெய்டு தானாகக் கட்டிக்கொள்ளுமே என்று எங்கள் முதலாளி அண்ணன் கேட்டார். செய்யலாம்தான். ஆனால் ரெய்டு 5இல் ஒரு டிஸ்க்கை உருவிய நொடியிலிருந்து, புதியது முழுவதும் கட்டி முடியும்வரை, இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. அதை நான்கு முறை செய்ய வேண்டும், அதுவும் பத்து வருடம் ஓடிக் களைத்த டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு. எங்கள் தெருவில் மின்சாரம் நான்கு மணி நேரம் இருந்தால் நான்கு மணி நேரம் இருக்காது. யுபிஎஸ், ஜெனரேட்டர் இரண்டும் உண்டு. இருந்தாலும் ராத்திரி டீசல் தீர்ந்து எழுந்து ஓடியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். கிளவுடில் ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். எங்களுக்குக் கிடைக்கும் இணைய வேகத்தில் ஒன்றேமுக்கால் டெராபைட் ஏற்ற எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

கடையில் சொன்ன வழி இது. எல்லாவற்றையும் டேப்பில், அதாவது காந்த நாடாவில், எழுதுவது. எழுதியதைப் படித்துப் பார்ப்பது. பழைய டிஸ்க் நான்கையும் தொடாமல் அப்படியே வெளியே எடுத்து வைப்பது. 2.4 டெராபைட் டிஸ்க் நான்கைப் போட்டுப் புதிதாக ரெய்டு கட்டி, டேப்பிலிருந்து திரும்ப இறக்குவது. டேப் டிரைவ் வாடகைக்கு, டேப் இரண்டு விலைக்கு, வேலைக்கு ஒரு தம்பி. மூன்றும் சேர்ந்து ஒரு புது டிரைவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வருடத்தில் ஒருமுறை செய்யும் காரியத்துக்கு டிரைவ் வாங்கி மூடி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தேதியைச் சித்திரை விடுமுறையில் வைத்தோம். தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு மண்டி முழுக்க மூடிவிடும், நமக்கும் வருடப் பிறப்பு. சித்திரையில் இன்னொரு வசதி, காற்று காய்ந்திருக்கும். இந்த டேப்புகளை 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள இடத்தில் ஓட்டக் கூடாது என்பார்கள். ஆடி மாத ரங்கூனில் அந்த அளவு சர்வசாதாரணம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். பெகு பக்கத்துப் பையன், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். தெருவில் பிள்ளைகள் அன்றைக்கே வாளியும் குழாயுமாக நின்றார்கள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. டிரைவை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன்மேல் லுங்கி சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். அதில் ஒரு சொட்டு இல்லை. டேப் இரண்டையும் முதல் நாளே கொடுத்தனுப்பி, சர்வர் அறையிலேயே வைக்கச் சொல்லியிருந்தான். வெளியில் இருந்து வரும் டேப் ஒரு முழு நாள் அந்த அறையின் குளிருக்குப் பழக வேண்டும், வந்தவுடன் செருகக் கூடாது என்றான். இந்த மாதிரி பையன்தான் வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

டிரைவ் எல்டிஓ-6 வகை, அதாவது எல்டிஓ என்னும் டேப் வகையில் ஆறாம் தலைமுறை; எஸ்ஏஎஸ் கேபிளில் வெளியே நிற்பது. கேட்ரிட்ஜ் உள்ளங்கை அளவுதான். அதற்குள் 846 மீட்டர் நாடா, அரை அங்குல அகலம். பெட்டியில் 6.25 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது தரவைச் சுருக்கினால் கிடைப்பது. உண்மையான கொள்ளளவு 2.5 டெராபைட். எங்களுடையதைப் போல ஸ்கேன் படமாக இருந்தால் அது ஏற்கெனவே சுருக்கியது, மேலும் சுருங்காது. வாங்குபவர்கள் 2.5ஐ மட்டும் மனதில் வையுங்கள். நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி, திரும்பவும் போய், 136 நடை போனால்தான் ஒரு டேப் நிரம்பும். முழு வேகம் நொடிக்கு 160 எம்பி.

அந்த வேகத்தை நாங்கள் முதல் நாள் பார்க்கவே இல்லை. கணக்குக் கோப்புகள் போகும்போது டிரைவ் ஒரே சீராக மின்விசிறி போல இரைந்தது. ஸ்கேன் கோப்புகளுக்கு வந்ததும் சத்தம் மாறிவிட்டது. ஓடும், நிற்கும், ஒரு முனகலோடு பின்னால் போகும், திரும்ப ஓடும். தையல் மெஷினில் நூல் சிக்கினால் சக்கரத்தைக் கையால் பின்னுக்கு உருட்டுவோமே, அப்படி. தம்பி திரையைப் பார்க்கவில்லை, டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். “அக்கா, சின்னச் சின்ன கோப்பா இருக்குறதால சர்வர் கொடுக்குற வேகம் பத்தல. நாடா காத்திருந்து காத்திருந்து பின்னால போகுது. இப்படியே ஓடுனா நாடாவும் தேயும், ஹெட்டும் தேயும்” என்றான். முடிய ஆறரை மணி நேரம் பிடித்தது. ராத்திரி ஒன்றரைக்குத் திரையில் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று வந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று எச்சரிக்கை.

நான் மட்டும் இருந்திருந்தால் பச்சையைப் பார்த்ததும் வீட்டுக்குப் போய், காலையில் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை அவன் கடையிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப்பை சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தான். எழுதிய மெஷினிலேயே படித்துப் பார்ப்பது பரீட்சை ஆகாது, வேறு மெஷின் படிக்க வேண்டும் என்பது அவன் கட்சி. டிரைவை அதில் மாட்டி, கணக்கு ஃபோல்டரை மட்டும் இறக்கினான். டேட்டாபேஸை எழுப்பிவிட்டு நாற்காலியை எனக்குத் தள்ளினான். “நேத்து சாயங்காலம் கடைசியா என்ன போட்டீங்கக்கா? அதத் திறந்து காட்டுங்க.”

எனக்கு நன்றாக நினைவிருந்தது. எஸ்க்யூ என்னும் உயர் ரக உளுந்து, இரண்டு கண்டெய்னர், 48 டன், சென்னைக்கு. விடுமுறைக்கு முன் கடைசி ஏற்றுமதி. ஆறு மணிக்குப் போட்ட வவுச்சர். தேடினேன். இல்லை. தேதியை வைத்துத் தேடினேன். வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளே அந்தக் கணக்கில் இல்லை. வியாழக்கிழமையோடு புத்தகம் முடிந்திருந்தது. வருடத்திலேயே அதிகச் சரக்கு நகர்ந்த நாள் அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காரணத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தான். கணக்கு மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்ததால் டேட்டாபேஸின் அசல் கோப்பு பூட்டிக் கிடந்திருக்கிறது. பேக்கப் அதைத் தொட முடியாமல் தாண்டிப் போய்விட்டது. அந்த மூன்று எச்சரிக்கையில் ஒன்று அதுதான். சரி, தினமும் ஆறரை மணிக்கு டேட்டாபேஸ் தன்னைத்தானே ஒரு நகல் எடுக்குமே, அது டேப்பில் இருக்க வேண்டுமே? வியாழன் நகல் இருந்தது. வெள்ளி நகல் இல்லை. அது 42 ஜிபி, டிஸ்க்கில் மிச்சம் இருந்தது முப்பதுதான். இடமில்லாமல் பாதியில் நின்றுபோயிருக்கிறது. எந்த டிஸ்க் நிறைந்துவிட்டது என்று இத்தனை ஏற்பாடும் செய்தோமோ, அந்த நிறைவே பேக்கப்பையும் கெடுத்திருக்கிறது. பச்சை விளக்கை நம்பி அன்றைக்கே டிஸ்க்கைக் கழற்றிக் கழுவியிருந்தால் வெள்ளிக்கிழமை வியாபாரம் முழுவதையும் காகிதத்திலிருந்து தேடிப் பொறுக்க வேண்டியிருந்திருக்கும்.

கூலி கொடுத்ததற்கு இந்த அரை நாள் ஒன்றே போதும். யாரும் கேட்காமல், பில்லில் தனியாகப் போடாமல், இறக்கிப் பார்த்தான். எந்தக் கடையிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் வேறு மெஷினில் இறக்கி, கணக்கு எழுதுபவரை உட்காரவைத்துக் காட்டுவீர்களா? தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சனி மதியம் கணக்கு மென்பொருளை முழுதாக நிறுத்தினான். டேட்டாபேஸ் நகலைத் தனி யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்தான். இரண்டாவது டேப்பில் இந்த முறை கோப்பு கோப்பாக எழுதவில்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்து, மொத்தத்தையும் ஒரே பிம்பமாக எழுதினான். பதினாறு லட்சம் கோப்பைத் தேடித் திறக்கும் வேலை இல்லாததால் நொடிக்கு 130 எம்பி அளவில் ஓடியது. சத்தமே வேறு. நடுவில் நாடா முனைக்கு வந்து திரும்பும் சின்ன இடைவெளி மட்டும் காதுக்குக் கேட்கும். மின்சாரம் ஒருமுறை போய் ஜெனரேட்டர் எடுத்தது, யுபிஎஸ் தாங்கியது. நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக டேப் முழுவதையும் திரும்பப் படிக்க விட்டான்.

ஞாயிறு, வருடப் பிறப்பு. வீட்டில் மாங்காய்ப் பச்சடியும் வடையும் பாயசமும் முடித்து, ஒரு அடுக்கில் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிடுவதற்கு முன் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தேன். 48 டன் உளுந்து இருந்தது. நானாக இஷ்டத்துக்கு இருபது ஸ்கேன் கோப்பைக் கேட்டேன், 2009இல் இருந்து போன வாரம்வரை. இருபதும் திறந்தன. அதற்குப் பிறகுதான் அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பழைய டிஸ்க்குகளை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் எந்தப் பெட்டியில் இருந்தது என்று 1, 2, 3, 4 போட்டுச் சீட்டு ஒட்டி, தேதி எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கினான். ரெய்டு விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும், இரண்டு டேப்பும் கைவிட்டாலும் இந்த நான்கையும் அதே வரிசையில் செருகினால் பழைய சர்வர் எழுந்துவிடும் என்றான். டேப்பை நம்பினாலும் திரும்பிப் போக ஒரு வழி வைத்தான்.

புதிய டிஸ்க்கில் ரெய்டு 5 வேண்டாம், ரெய்டு 10 போடலாம் என்றான். அதில் டிஸ்க்குகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஒரே தரவை இரண்டிலும் வைத்திருக்கும். 7.2க்குப் பதில் 4.8 டெராபைட்தான் கிடைக்கும். ஆனால் பெரிய டிஸ்க் ஒன்று போனால் ஜோடி டிஸ்க்கிலிருந்து நேராக நகலெடுத்துக்கொள்ளும், எல்லா டிஸ்க்கையும் படித்துக் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டியதில்லை. அண்ணனுக்கு இடம் குறைவது மனசில்லை. நான் அவன் பக்கம் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். எங்கள் போக்கில் 4.8 நிறைய இன்னும் பல வருடம் ஆகும்.

இன்னொரு இடத்திலும் அவன் தொழில் தெரிந்தவன் என்று தெரிந்தது. எங்கள் சர்வர் பழைய முறையில் பூட் ஆகிறது. டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணாது; அதைத் தெரியாமல் முழு இடத்தையும் ஒரே டிஸ்க்காகக் கட்டினால் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. அவன் ரெய்டு அளவிலேயே இரண்டாகப் பிரித்தான். விண்டோஸுக்குச் சின்னதாக ஒன்று பழைய முறையில், தரவுக்கு மிச்சம் முழுவதும் ஜிபிடி என்னும் புதிய அட்டவணையில். மீட்பு யுஎஸ்பியில், டேப் டிரைவை இணைக்கும் கார்டுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளையும் கடையிலேயே சேர்த்து வைத்திருந்தான். அது இல்லாவிட்டால் வெறும் சர்வருக்கு டேப் டிரைவ் இருப்பதே தெரியாது. விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் 2008 பதிப்பிலிருந்தே டேப்பில் எழுதாது என்பதால் தனி மென்பொருள்தான் பயன்படுத்தினான். கீழே குறை சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

இறக்கும் வேலை ஞாயிறு ராத்திரி ஓடியது. திங்கள் காலை சர்வர் எழுந்தது. பில் அடித்தோம், எடைச்சீட்டு அடித்தோம், நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் திறந்து பார்த்தோம். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை.

இனிக் குறைகள். டிஸ்க் நான்கும் ஒரு வாரத்தில் வரும் என்று கடை முதலாளி சொன்னார். ஐந்து வாரம் ஆனது. ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் ‘நாளைக்கு’ என்றார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் விடுமுறை தவறியிருக்கும், அடுத்த வாய்ப்பு தீபாவளிக்குத்தான். வந்த நான்கில் ஒன்றின் பெட்டி ஏற்கெனவே பிரித்து ஒட்டியிருந்தது. ஓடிய மணி நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். புதியதில்லை என்று தெரிந்தது. தம்பிதான் முதலாளியிடம் பேசி மாற்றிக் கொடுத்தான், ஆனால் கேட்காமலிருந்தால் அது அப்படியே உள்ளே போயிருக்கும். டிஸ்க் வாங்குபவர்கள் ஓடிய மணிக்கணக்கைத் திரையில் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். கூலி என்ன என்று எழுதித் தரவும் மனமில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் சீட்டு வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. டேப் எங்களிடம் இருக்கிறது, ஆனால் அதைப் படிக்கும் டிரைவும் மென்பொருளும் கடையில் இருக்கின்றன. நாளைக்கு அவர்கள் கடையை மூடினால்? எல்டிஓ-6 டேப்பை எல்டிஓ-6, எல்டிஓ-7 டிரைவுகள் மட்டுமே படிக்கும், எல்டிஓ-8 படிக்காது. வருடம் போகப் போக டிரைவ் கிடைப்பது கஷ்டமாகும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு முதல் டேப்பை அழித்து, ஸ்கேன் கோப்புகளை எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதித் தரச் சொன்னேன். அந்த முறையில் எழுதினால் எழுதிய அதே பேக்கப் மென்பொருள் இல்லாமலேயே ஃபோல்டராகத் திறக்கலாம். மெதுவாகத்தான் ஓடியது, தனியாகக் காசு வாங்கினார்கள், நியாயமான காசுதான்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. ஒரு டெராபைட்டுக்குள் இருக்கும் கடைகளுக்கு யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்தால் போதும். அதற்கு மேல் போய், காகிதம் கேட்டு அதிகாரிகள் வரக்கூடிய வியாபாரமாகவும் இருந்தால் டேப்புக்குக் காசு போடலாம். டேப் கீழே விழுந்தால் டிஸ்க் அளவுக்குப் பயப்பட வேண்டாம், மின்சாரம் ஏறி இறங்கினாலும் அலமாரியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

அலமாரி என்றதும் ஒன்று. 2008 மே 2ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தபோது எங்கள் கூரைத் தகடு போனது. விடிந்து போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரும், அதன் பேக்கப் டிஸ்க்கும், பழைய பேரேடுகளும் ஒரே அறையில் ஒரே தண்ணீரில் நின்றன. பேரேட்டு ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டோம், நானும் அண்ணியும், ஒன்பது நாள். நீல மை கரைந்த பக்கங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. அதனால் இப்போது ஒரு டேப் மண்டியில், ஒரு டேப் என் வீட்டில் இரண்டாவது மாடியில். பிஸ்கட் டின்னுக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, பெட்டியோடு நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

ஆவணி மாத மழையில் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு நாள் அங்கேயே வைத்துப் பழக்கி, மறுநாள் தம்பி செருகினான். அதே வவுச்சரைத்தான் கேட்டேன். வந்தது. இந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான், கடை முதலாளியும் தலையாட்டினார். சீட்டு ஒட்டிய பழைய டிஸ்க் நான்கும் அண்ணனின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. மார்ச்சில் வருடக் கணக்கு முடிந்து ஆடிட்டர் கையெழுத்துப் போடும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது என்று சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.